‘ஹேவ்’ படுத்தும் பாடு: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கில வினைச்சொற்கள் பற்றி வந்த கடிதங்களில் பல, ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ மூன்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை மட்டும் பொறுக்கி இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ தவறாம். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியாம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சொல்கிறாள். காருக்கு ஒரு நியாயம், சாப்பாட்டுக்கு ஒரு நியாயமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

மகள் சொல்வதுதான் சரி. பார்க்க ஒரே சொல்லாக இருந்தாலும் ‘ஹேவ்’ இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நம்முடைய ‘இருக்கிறது’: கார் இருக்கிறது, தம்பி இருக்கிறான், காய்ச்சல் இருக்கிறது, நேரம் இருக்கிறது. இதெல்லாம் நிலை. கார் இருப்பது நாம் செய்துகொண்டிருக்கும் வேலை அல்ல என்பதால் அங்கே ‘இங்’ ஒட்டாது. இன்னொன்று செயல்: சாப்பிடுவது, டீ குடிப்பது, குளிப்பது, கூட்டம் நடத்துவது. இவை தொடங்கி, நடந்து, முடிகின்றன. அதனால் ‘ஹேவிங்’ வரும்.

தப்பு நம் பேச்சிலிருந்துதான் கிளம்புகிறது. ‘கார் வச்சிருக்கேன்’, ‘கடை வச்சிருக்கார்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த ‘இருக்கேன்’ ஒரு ‘ஆம்’ ஆகத் தெரிகிறது. பின்னாலேயே ‘ஹேவிங்’ வந்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: வாக்கியத்தை ‘எனக்கு இன்னது இருக்கிறது’ என்றோ ‘என்னிடம் இன்னது இருக்கிறது’ என்றோ தமிழில் சொல்லுங்கள். பொருந்தினால் வெறும் ‘ஹேவ்’ போதும். ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ போல ‘கொண்டிருக்கிறேன்’ வந்தால்தான் பொருள் நிற்கும் என்றால் ‘ஹேவிங்’. நடுவில் நிற்கும் சிலவும் உண்டு. ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை போன்’ சரியே. போன் இப்போது படுத்திக்கொண்டிருக்கிறது, நாளை சரியாகலாம்.

ஓரிடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ‘ஷீ ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷீ இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது இந்த நிமிடம் பிரசவ அறையில் இருக்கிறாள். ஒரு வயதுக் குழந்தை வைத்திருக்கும் சக ஊழியரைப் பற்றி இரண்டாவதை எழுதினால் அலுவலகமே வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிடும்.

‘டஸ் ஹீ ஹேஸ் எ லைசென்ஸ்?’ இதில் என்ன பிழை? ‘ஹீ’ வந்தால் ‘ஹேஸ்’ தானே?
– ஓட்டுநர் பயிற்சி மாணவர், நாமக்கல்

‘டஸ்’ அந்த ‘எஸ்’ஸை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது, ஒரே கடனை இரண்டு முறை கட்ட வேண்டாம். ‘டஸ் ஹீ ஹேவ்’. இதே கணக்குதான் ‘டிட்’டுக்கும். ‘டிட் யூ ஹேட் லஞ்ச்?’ பிழை; ‘டிட் யூ ஹேவ் லஞ்ச்?’ சரி. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் ‘ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?’. அங்கே முதல் ‘ஹேவ்’ துணைவினை, ‘ஹேட்’ தான் சாப்பாடு.

என் தம்பி இரண்டு வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டான். விண்ணப்பத்தில் ‘ஹேஸ் கான் டு துபாய்’ என்று எழுதினோம். ‘ஆள் இங்கே இல்லையா?’ என்று கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, கீழக்கரை

அவர்கள் கேட்டது சரியான கேள்வி. தமிழில் ‘துபாய் போயிருக்கான்’ என்றால் இரண்டு அர்த்தம். ‘தம்பி எங்கே?’ என்று கேட்டால் ‘துபாய் போயிருக்கான்’, அதாவது இன்னும் திரும்பவில்லை. ‘தம்பி வெளிநாடு ஏதாவது பார்த்திருக்கானா?’ என்று கேட்டாலும் அதே ‘துபாய் போயிருக்கான்’, அதாவது போய் வந்த அனுபவம் உண்டு. கேள்வியை வைத்து நாம் பிரித்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதற்கு இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கிறது. போனவர் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான் டு’. போய் வந்துவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன் டு’.

இதனால்தான் ஒருவர் தன்னைப் பற்றி நேரில் ‘ஐ ஹேவ் கான் டு மதுரை’ என்று சொல்ல வழியே இல்லை. மதுரைக்குப் போனவர் எதிரே நின்று எப்படிப் பேசுவார்? வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டில் வேண்டுமானால் அப்படி எழுதலாம்.

விண்ணப்பத்துக்கு இரண்டுமே வேண்டாம். ‘வொர்க்ட் இன் துபாய் ஃபார் டூ இயர்ஸ்’ என்று எழுதி, அடைப்புக்குறியில் ஆண்டுகளைப் போடுங்கள். படிப்பவருக்குத் தேவை அதுதான்.

‘ஐ ஹேவ் சென்ட் தி மெயில் எஸ்டர்டே’ என்று எழுதினால் எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் புரிந்துகொள்கிறார். ஆனால் இலக்கணப் புத்தகம் தப்பு என்கிறது. யாரை நம்ப?
– மென்பொருள் ஊழியர், கோவை

புத்தகத்தை நம்புங்கள். வாடிக்கையாளர் புரிந்துகொள்வது அவருடைய பெருந்தன்மை.

‘ஹேவ் சென்ட்’ என்பது ‘எப்போது’ என்று சொல்லாமல் ‘அனுப்பியாகிவிட்டது, இப்போது அது உங்களிடம் இருக்கிறது’ என்று சொல்லும் வடிவம். முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அதாவது நேற்று, போன வாரம், 2019 இல், பத்து நிமிடத்துக்கு முன் என்று வந்துவிட்டால், அது விலகிவிடும். ‘ஐ சென்ட் தி மெயில் எஸ்டர்டே’. தமிழில் இந்தத் தடை கிடையாது. ‘போன மாசம்கூட இங்க வந்திருக்கேனே’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்துக்குள்ளும் வந்து நிற்கிறது.

‘திஸ் மார்னிங்’ ஒரு வேடிக்கையான எல்லைக்கோடு. காலை பதினோரு மணிக்குச் சொன்னால் காலை இன்னும் முடியவில்லை. ‘ஐ ஹேவ் ஹேட் த்ரீ காஃபீஸ் திஸ் மார்னிங்’ சரி. மாலை நான்கு மணிக்குச் சொன்னால் காலை போய்விட்டது. ‘ஐ ஹேட் த்ரீ காஃபீஸ்’.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. ‘பத்து வருஷமா இங்க வேலை பார்க்கறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். இதில் தவறு இரண்டு. அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்றால் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்பதற்கு ‘சின்ஸ்’: ‘ஃபார் டென் இயர்ஸ்’, ‘சின்ஸ் 2015’.

உங்கள் வாடிக்கையாளர் அமெரிக்கராக இருந்தால் ‘டிட் யூ ஈட் எட்?’, ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’ என்று அவரே ‘ஹேவ்’ இல்லாமல் எழுதுவார். அது அங்கே இயல்பு. பிரிட்டிஷ் எழுத்தில் அந்த இரண்டு இடத்திலும் ‘ஹேவ்’ எதிர்பார்ப்பார்கள்.

‘எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு எ வெட்டிங்’ என்று சொன்னால் ஆங்கில வகுப்பில் திருத்துகிறார்கள். ‘ஹேட்’ இறந்தகாலம்தானே?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இறந்தகாலத்துக்கும் முந்திய காலம். இறந்தகாலத்தில் இரண்டு சம்பவம் இருந்து, எது முதலில் என்று காட்ட வேண்டியிருந்தால் மட்டுமே அதற்கு வேலை. ‘நான் மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது’: போனதற்கு ‘வென்ட்’, முடிந்திருந்ததற்கு ‘ஹேட்’. கல்யாணத்துக்குப் போனது மட்டும்தான் செய்தி என்றால் ‘ஐ வென்ட்’ போதும்.

‘நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’ என்கிறோமே, அந்த ‘இருந்தேன்’ தான் ‘ஹேட்’ ஆக மாறி உங்கள் வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் அது ‘போய்விட்டு வந்துவிட்டேன்’ என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. ஆங்கில ‘ஹேட்’டுக்கு அந்தக் குணம் இல்லை. ‘ஐ ஹேட் கான் டு எ வெட்டிங்’ என்றதும் கேட்பவர், ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார்.

‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’, ‘யூ மஸ்ன்ட் கம்’ இரண்டும் ‘நீ வர வேண்டாம்’ தானே?
– ஒரு வாசகர், வேலூர்

தமிழ் ‘வர வேண்டாம்’ இரண்டையும் தாங்கும். குரல்தான் வித்தியாசம் காட்டும். ஆங்கிலத்தில் முதலாவது ‘வரத் தேவையில்லை, விருப்பமிருந்தால் வரலாம்’, இரண்டாவது ‘வரக்கூடாது’. ‘கூடாது’ போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ‘மஸ்ன்ட்’. ‘தேவையில்லை’ பொருந்தினால் ‘டோன்ட் ஹேவ் டு’. மருந்துச் சீட்டிலோ இயந்திரத்தின் கையேட்டிலோ இதை மாற்றி எழுதினால் விளைவு விபரீதம்.

கட்டாயத்தைச் சொல்லும் ‘மஸ்ட்’டுக்கு இறந்தகாலம் கிடையாது. ‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹேட் டு கோ’ என்று ‘ஹேவ்’விடம்தான் கடன் வாங்க வேண்டும். உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறோம்: ‘ஹேவ் டு’ என்பதைப் பேச்சில் ‘ஹேஃப் டு’ என்றும், ‘ஹேஸ் டு’ என்பதை ‘ஹேஸ்’ஸில் அழுத்தமான ‘ஸ்’ வைத்தும் சொல்வார்கள். பாடத்தில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் படம் பார்க்கும்போது இது பிடிபடாமல் போகும்.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதை ‘ஐ டெஸ்டட் மை ப்ளட்’ என்று எழுதலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

அப்படி எழுதினால் நீங்களே ஊசி குத்தி, நீங்களே நுண்ணோக்கியில் பார்த்ததாக ஆகும். பிறரைக் கொண்டு நமக்காகச் செய்துகொள்வதைச் சொல்லத்தான் ‘ஹேவ்’ இருக்கிறது: ‘ஐ ஹேட் மை ப்ளட் டெஸ்டட்’. தமிழில் இந்த வேலையைக் ‘கொள்’ செய்கிறது. ‘முடி வெட்டினார்’ என்றால் சலூன்காரர். ‘முடி வெட்டிக்கிட்டார்’ என்றால் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

அமைப்பு மூன்று துண்டு: முதலில் ‘ஹேவ்’ (காலத்துக்கேற்ப ‘ஹேட்’, ‘வில் ஹேவ்’), அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை குலையக்கூடாது. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் சலூனில் வெட்டிக்கொண்டேன். ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று ‘கட்’ முன்னால் வந்துவிட்டால் கத்தரி உங்கள் கையில். அதுவும் இன்னொரு சம்பவத்துக்கு முன்னால்.

செய்கிறவரைக் குறிப்பிட வேண்டுமானால் வடிவம் மாறும். ‘ஐ வில் ஹேவ் தி எலக்ட்ரீஷியன் செக் இட்’: இங்கே ‘செக்’ வெறுமையாக நிற்கிறது, ‘டு’ இல்லை. ‘ஹேவ்’வுக்குப் பதில் ‘கெட்’ போட்டால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ வில் கெட் தி எலக்ட்ரீஷியன் டு செக் இட்’. சாயலும் வேறு. ‘ஹேவ்’ என்றால் அது அவருடைய வேலை, சொன்னால் செய்வார். ‘கெட்’ என்றால் கொஞ்சம் கெஞ்சியோ பேசியோ வரவழைக்க வேண்டும். நம் ஊர் அனுபவத்தில் எலக்ட்ரீஷியனுக்குக் ‘கெட்’ தான் பொருத்தம்.

வீட்டுக்கு மட்டும் சலுகை உண்டு. ‘வீ பில்ட் எ ஹவுஸ்’ என்று சொன்னால் நீங்களே செங்கல் அடுக்கினீர்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இதே அமைப்பு நமக்கு நேர்ந்த கெடுதலையும் சொல்லும். ‘ஐ ஹேட் மை பர்ஸ் ஸ்டோலன்’ என்றால் ஆள் வைத்துத் திருடச் சொன்னேன் என்றல்ல, பர்ஸ் பறிபோனது. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் புகாரில் ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதலாம். ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருடு போனது நீங்கள் என்றாகிவிடும்.

எங்கள் தாத்தா ‘ஹேவ் யூ எ பென்?’ என்பார். பேரன் சிரிக்கிறான். யார் சரி?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

தாத்தா தவறில்லை, பழையவர். ‘டு’ சேர்க்காமல் ‘ஹேவ்’வையே முன்னால் தூக்கிப் போட்டுக் கேட்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் முந்தைய வழக்கம். அவர் படித்த காலத்துப் பாடம் அப்படித்தான் இருந்திருக்கும். பேரன் நர்சரியில் பாடிய ‘பா பா ப்ளாக் ஷீப்’ பாட்டிலும் ஆட்டிடம் ‘ஹேவ் யூ எனி உல்?’ என்றுதானே கேட்கிறார்கள்! இன்று ‘டு யூ ஹேவ் எ பென்?’ எங்கும் செல்லும். ‘ஹேவ் யூ காட் எ பென்?’ பிரிட்டிஷ் பேச்சுவழக்கு.

இரண்டையும் கலந்து ‘டு யூ ஹேவ் காட்’ என்று கேட்பதுதான் தப்பு. அமெரிக்கர் ‘ஐ ஹேவ் காட்’ என்றால் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன்’ என்றால் கிடைத்தது அல்லது ஆனது. பிரிட்டனில் அந்தக் ‘காட்டன்’ அவ்வளவாகப் புழங்குவதில்லை.

இணையத்தில் ஆங்கிலேயர்களே ‘குட் ஆஃப்’, ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதுகிறார்களே, அது புது வழக்கா?
– ஒரு வாசகர், திருச்சி

எழுத்துப் பிழை. ‘குட் ஹேவ்’ வேகமாகச் சொல்லும்போது ‘குடவ்’ ஆகிறது; காதுக்கு அது ‘ஆஃப்’ போல விழுகிறது. காதால் மொழி கற்றவர்கள் செய்கிற தவறு இது. கண்ணால் கற்ற நமக்கு இது வராது. ஒரு இடத்திலாவது நாம் தப்பித்தோம்.

‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கேட்டால் வெளிநாட்டுப் பேராசிரியர் முகம் மாறுகிறது.
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

நமக்கு ‘டவுட்’ என்றால் புரியாதது. அவருக்கு ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை. ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று கேட்கிறது. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேளுங்கள்.

‘ஹேவ்’வுக்குத் தமிழில் நேர்ச்சொல் என்ன? ‘கொண்டுள்ளது’ என்று போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.
– மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

அலுப்பது நல்லதுதான். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் தமிழில் இல்லை; தேவையும் இல்லை. தமிழ், உடைமையை ‘இரு’வாலும் வேற்றுமை உருபாலும் சொல்கிறது. உறவு, உடம்பு, நோய், உணர்ச்சி எல்லாம் ‘கு’: எனக்கு இரண்டு தம்பிகள், அவளுக்கு நீளமான கூந்தல், அவருக்குச் சர்க்கரை. கைமாற்றித் தரக்கூடியவை ‘இடம்’: என்னிடம் பேனா இருக்கிறது. ‘என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பிள்ளைகள் மாதிரி இருக்கும். இடத்துக்கும் பொருளுக்கும் ‘இல்’, ‘கு’: இந்த வீட்டில் மூன்று அறைகள், மேசைக்கு நாலு கால்.

‘இக்கட்டடம் மூன்று மாடிகளைக் கொண்டுள்ளது’ என்பதை ‘இது மூன்று மாடிக் கட்டடம்’ என்று மாற்றினால் சொல்லும் குறைகிறது, தமிழும் மூச்சு விடுகிறது. ‘அவர் இரண்டு மகன்களைக் கொண்டுள்ளார்’ என்பதற்கு ‘அவருக்கு இரண்டு மகன்கள்’; வினைச்சொல்லே வேண்டாம். ‘கொண்ட’ என்பதை ஒதுக்கச் சொல்லவில்லை. ‘நல்ல குணம் கொண்டவர்’ நல்ல தமிழ்தான்.

பழந்தமிழில் ‘உடை’ என்ற அடி இந்த வேலையைச் செய்தது. குறள் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை. ‘அறிவுடையார் எல்லா முடையார்’ என்று தொடங்கும் 430ஆம் குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ‘ஹேவ்’ தானாக வந்து விழும். பேச்சில் இன்று அது ‘உன்னுடைய’, ‘என்னுடைய’ என்று உருபாக ஒட்டிக்கொண்டு பிழைக்கிறது.

ஆங்கில ‘ஹேவ்’வும் லத்தீன் ‘ஹபேரே’வும் ஒரே வேர் தானே?
– ஒரு வாசகர், மதுரை

ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. உறவு மட்டும் இல்லை. ‘ஹேவ்’ பழைய ஆங்கில ‘ஹப்பன்’னிலிருந்து வந்தது. ஜெர்மன் ‘ஹாபென்’ அதன் உடன்பிறப்பு. ஜெர்மானிய மொழிகளின் ‘ஹ’வுக்கு லத்தீனில் ‘க’ தான் இணை. அதனால் இதன் லத்தீன் உறவு, ‘பிடித்துக்கொள்’ என்னும் பொருளுள்ள ‘கபேரே’.

ஒரே வாக்கியத்தில் ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு வரலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், தேனி

வரலாம். முதல் ‘ஹேட்’ காலம் காட்டுவது, இரண்டாவது அசல் வினை. ‘பஸ் வருவதற்குள் அவர் டீ குடித்திருந்தார்’ என்பதில் ‘குடித்திருந்தார்’ தான் ‘ஹேட் ஹேட்’.

பதினொன்று வரும் விடுகதை ஒன்றும் உண்டு. ஜான் தேர்வில் ‘ஹேட்’ என்று எழுதியிருந்தான். ஜேம்ஸ் ‘ஹேட் ஹேட்’ என்று எழுதியிருந்தான். ஆசிரியருக்குப் பிடித்தது ‘ஹேட் ஹேட்’. இதை ஆங்கிலத்தில்: ‘ஜேம்ஸ், வைல் ஜான் ஹேட் ஹேட் “ஹேட்”, ஹேட் ஹேட் “ஹேட் ஹேட்”, “ஹேட் ஹேட்” ஹேட் ஹேட் எ பெட்டர் எஃபெக்ட் ஆன் தி டீச்சர்’. மேற்கோள் குறியையும் காற்புள்ளியையும் எடுத்துவிட்டு நண்பர்களிடம் நீட்டுங்கள்.

மேலாளருக்கு ‘யூ ஹேட் பெட்டர் சைன் திஸ் டுடே’ என்று மெயில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன். கோபித்துக்கொண்டார்.
– வங்கி ஊழியர், திண்டுக்கல்

‘பெட்டர்’ என்ற சொல் உங்களை ஏமாற்றிவிட்டது. ‘இன்று கையெழுத்துப் போட்டால் நல்லது’ என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவர் படித்ததோ ‘மரியாதையா இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க, இல்லேன்னா நடக்கறதே வேற’. ‘ஹேட் பெட்டர்’ எப்போதும் பின்னால் ஒரு ‘இல்லாவிட்டால்’ வைத்திருக்கும். அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், மருத்துவர் நோயாளியிடம் சொல்லலாம். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் சொல்லக்கூடாது.

வடிவத்தையும் கவனியுங்கள். ‘ஹேட்’ இருந்தாலும் இது இறந்தகாலம் அல்ல, இனி செய்ய வேண்டியது. பின்னால் ‘டு’ வராது. எதிர்மறை ‘ஹேட் பெட்டர் நாட்’. ‘ஹேட் நாட் பெட்டர்’ என்று எழுதக்கூடாது.

மேலாளருக்கு ‘குட் யூ ப்ளீஸ் சைன் திஸ் டுடே?’ என்று எழுதி, ஏன் இன்றே வேண்டும் என்பதை அடுத்த வரியில் சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘ஹேட் பெட்டர்’ சாதுவாகிவிடும்: ‘ஐ ஹேட் பெட்டர் கோ’ என்றால், நேரமாயிடுச்சு, கிளம்பறேன்.